‘நீட்’ என்றால் சுத்தமா, மாடா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் என் மகளுக்கு ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ பாடம். முதல் காட்சியில் வரும் ‘நீட்ஸ் லெதர்’ என்பதற்குச் ‘சுத்தமான தோல்’ என்று சொல்லிக் கொடுத்தேன். தவறு என்கிறார்களாம். பண்டிதர்களுக்காக எழுதிய இந்த ஆங்கிலத்தை எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கற்பது?
- ஆம்பூர் வாசகர்

பதில்: ஐயா, நல்ல இடத்தில் இடறியிருக்கிறீர்கள். இதற்குப் பாதி விடை உங்கள் தொழிலிலேயே இருக்கிறது.

முதலில் அந்தப் பண்டிதர் விஷயம். அந்தச் சொல்லைப் பேசுபவர் ரோமாபுரியில் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அவரை விசாரிக்கும் இரண்டு ‘டிரிபியூன்’கள், அதாவது பொதுமக்கள் சார்பில் பதவி வகிப்பவர்கள், அவர் பேச்சு பிடிபடாமல் எரிச்சலடைகிறார்கள். தடுமாறுவது படித்த அதிகாரிகள்தான். ஷேக்ஸ்பியருக்கோ இவை வீட்டில் புழங்கிய சொற்கள். அவருடைய தந்தை ஜான், ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்றவர். ‘விட்டாயர்’ வேலையும் பார்த்தவர். படிகாரம் போட்டு வெள்ளைத் தோல் பதனிடுபவருக்கு அந்தப் பெயர். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே படிகாரம் செய்தது.

அப்படியானால் கடினம் எங்கே வருகிறது? ‘நீட்’டையே பாருங்கள். ஒரே உருவில் இரண்டு தனிச் சொற்கள். சுத்தம் என்ற பொருளுடையது பிரெஞ்சிலிருந்து பிற்காலத்தில் வந்தது. மற்றது பழைய ஆங்கிலச் சொல். அதற்கு மாடு என்று பொருள். நாடகம் மேடையேறிய 1599-இல் இரண்டும் வழக்கில் இருந்தன. பிறகு மாட்டைக் குறித்த சொல் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. ஆனால் தோல் தொழிலில் அது சாகவில்லை. தோலை மிருதுவாக்கப் பயன்படும் ‘நீட்ஸ்ஃபூட் ஆயில்’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மாட்டின் கால் எலும்பைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய் அது. அந்த ‘நீட்’தான் இந்த ‘நீட்’.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் ‘மாடு’ வருகிறது. அங்கே அதற்குச் செல்வம் என்று பொருள். நாலுகால் மாட்டை நினைத்துப் படிப்பவருக்குக் குறள் புரியாது. முன்பின் கேட்டிராத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான் நம்மை ஏமாற்றும்.

‘காப்ளர்’ என்பதும் அப்படித்தான். செருப்புத் தைப்பவர் என்பதோடு, வேலையை அரைகுறையாகச் செய்பவர் என்றும் அன்று அதற்குப் பொருள் இருந்தது. அதனால்தான் அந்த அதிகாரி, உன் தொழில் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஆகவே நூறு சொற்களை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். எளிய சொற்கள் இருந்தும் பொருள் ஒட்டாத வரியைக் கண்டால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அதிலுள்ள பழகிய சொல்லுக்கு அகராதியில் இரண்டாவது, மூன்றாவது பொருளைப் பார்க்கட்டும். காட்சியை வாய்விட்டும் படிக்க வேண்டும். குத்தூசிக்கு ஆங்கிலத்தில் ‘ஆல்’. எல்லாம் என்பதற்கும் அதே ஒலி. செருப்பின் அடிப்பாகம் ‘சோல்’. ஆன்மாவும் அப்படியே ஒலிக்கும். எழுத்து வேறு என்பதால் கண் பிரித்துவிடும் இந்தச் சிலேடைகள், அதாவது ஓர் ஒலியில் இரு பொருள் வைத்த பேச்சு, காதில் விழுந்தால் உடனே விளங்கும். அந்தத் தொழிலாளியின் பேச்சு முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. குத்தூசியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களும் மகளும் அந்தக் காட்சியை மாறி மாறிப் படித்துப் பாருங்கள்.

அடுத்து ‘ஹாம்லெட்’டின் ஐந்தாம் அங்கம், முதல் காட்சி. தோல் பதனிடுபவரின் உடல் மட்டும் ஏன் மண்ணில் கூடுதல் காலம் தாங்கும் என்று கல்லறை தோண்டுபவர் இளவரசனுக்கு விளக்குகிறார். அதை உங்கள் மகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.