அட்டை விளையாட்டு செய்யும் இளம் ஆசிரியைக்கு

மழலையர் விளையாட்டுப் பொருளுக்கு முதல் தகுதி, பிள்ளை செய்த தப்பை அந்தப் பொருளே காட்டிக்கொடுப்பது. மரியா மாண்டிசோரியின் உருளைக் கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. மெலிந்த உருளையை அகலமான குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை எங்கும் இறங்காமல் கையிலேயே நிற்கும். டீச்சர் வாய் திறக்க வேண்டியதில்லை. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆகவே இது தமிழ்நாட்டுக்குப் புதுச் செய்தியும் அல்ல.

அங்கன்வாடிக்கென்று இளம் ஆசிரியை ஒருவர் வீட்டிலேயே செய்திருக்கும் ‘யார் வீடு எது?’ அட்டைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். தூக்கணாங்குருவிக்குக் கூடு, எலிக்கு வளை, சிலந்திக்கு வலை என்று பன்னிரண்டு ஜோடி. படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே நிறத்தில் ஓரப்பட்டை ஒட்டியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை குருவியையும் பார்க்காது, கூட்டையும் பார்க்காது; மஞ்சளை மஞ்சளோடு வைத்துவிட்டுக் கைதட்டும். நிறம் பொருத்துவதுதான் நோக்கமென்றால் குருவி எதற்கு? சரிபார்க்கும் குறி அட்டையின் பின்புறம் இருக்க வேண்டும். பொருத்தி முடித்த பிறகு பிள்ளையே திருப்பிப் பார்த்துக்கொள்ளும்.

ஜிகினாவும் அப்படித்தான். அது பார்வையிட வரும் அதிகாரியின் கண்ணுக்கு ஒட்டப்படுவது. பிள்ளை அதைச் சுரண்டி எடுப்பதிலேயே அரை மணி நேரத்தைக் கழிக்கும்.

திண்ணையும் வாசல் மணலும் இருந்த நாளில் இதெல்லாம் யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை. கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்துக்கு மணலை நீளமாக வரப்புபோலக் குவிப்பார்கள். ஒருத்தி துண்டுக் குச்சியை அதற்குள் முன்னும் பின்னும் ஓட்டி எங்கோ புதைத்துவிடுவாள். எதிரே இருப்பவள் இரண்டு கைகளையும் கோத்து, உத்தேசமான இடத்தில் பொத்துவாள். மணலைக் கிளறினால் குச்சி இருக்கும், அல்லது இருக்காது. தீர்ப்புச் சொல்லப் பெரியவர்கள் வந்ததில்லை. தோற்றவளுக்கு அடுத்த நிமிடமே இன்னொரு ஆட்டம் காத்திருந்தது. அட்டைத் தொகுப்போடு வந்திருக்கும் மதிப்பெண் தாளையும் ‘முதல் பரிசு’ வில்லையையும் பார்க்கும்போது அந்த மணல்தான் நினைவுக்கு வருகிறது. மூன்று, நான்கு வயதில் தன் முறைக்குக் காத்திருப்பதே பெரிய வித்தை. அதற்குமேல் தோல்வியையும் ஏற்றினால் அழுகைதான் மிஞ்சும்.

அதே ஆசிரியையின் தீப்பெட்டி விளையாட்டோ அசாத்தியமானது. இரண்டு பெட்டியில் கேழ்வரகு, இரண்டில் அரிசி, இரண்டில் மொச்சை. குலுக்கிக் கேட்டு ஜோடி சேர்க்க வேண்டும். பெட்டியின் லேபிளைக் கிழித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே செய்தித்தாளைச் சுற்றி, மைதாப் பசையால் மூடியிருக்கிறார்; கண்ணுக்கு எந்தத் துப்பும் கிடைக்காது. அடியில் மட்டும் பேனாப் புள்ளிகள்: கேழ்வரகுக்கு ஒன்று, அரிசிக்கு இரண்டு, மொச்சைக்கு மூன்று. இந்தக் கையா அந்த ஓரப்பட்டையை ஒட்டியது என்று ஆச்சரியப்படத்தான் வேண்டும். கடையில் விற்கும் எந்தப் பொம்மையும் இதன் பக்கத்தில் நிற்காது.

பெட்டி பிரிந்தால் மொச்சை வெளியே வந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் ஏறக்குறைய 3.2 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. தண்ணீர் பாட்டில் மூடியும் அதில் அடங்கிவிடும். புளியங்கொட்டையைச் சொல்லவே வேண்டாம். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வரும் தம்பி தங்கைகள் இல்லாத அங்கன்வாடி ஏது? ஆகவே பெட்டிக்கு இரட்டைத் தாள் சுற்ற வேண்டும், வாரம் ஒருமுறை விளிம்புகளைப் பார்க்க வேண்டும்.

எலிக்குக் கண்ணாக ஒட்டியிருக்கும் குன்றிமணிக்கு மட்டும் மாற்றுவழி கிடையாது. அது கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. அட்டைகள் பிள்ளைகள் கைக்குப் போகுமுன் அதைப் பிய்த்தெறிந்துவிட்டு மையால் புள்ளி வைத்துவிட வேண்டும்.