படகுக்கு ஒரு விசிறி போதுமா?

சக்குபள்ளத்திற்கு அண்மையிலுள்ள தேக்கடி ஏரி, 1895இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்ததால் உருவானது. கடலில் சீறிப் பாய்ந்த விசைப்படகை அவ்வேரியில் விட்டால் இயந்திரம் திணறும். காரணம் யாது?

புரொப்பெல்லர் எனும் விசிறி, நீரில் முடுக்கப்படும் திருகாணி போன்றது. நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றில் அது முன்னேறும் தொலைவே புரியிடைத் தூரம். அது மிகுந்தால் இயந்திரத்தின் சுமையும் மிகும்.

ஏரியோ கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,800 அடி மேலே உள்ளது. காற்றின் அடர்த்தி அங்கே குறைவு. சாதாரணப் பெட்ரோல் இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 விழுக்காடு ஆற்றலை இழக்கும். இழந்த ஆற்றல் மீளாது. ஆயினும் 19 அங்குலப் புரியிடை விசிறிக்குப் பதில் 18 அங்குலம் பூட்டினால், நிமிடத்திற்கு 150 முதல் 200 சுற்றுகள் கூடி, இயந்திரம் தன் உரிய சுழற்சியை எட்டும். ஆட்கள் நிறைந்தால் 17 அங்குலமும் வேண்டியிருக்கும். அதனோடு வெறும் படகைக் கடலில் விரட்டினால், சுழற்சி வரம்பு மீறி இயந்திரம் கெடும்.

தேக்கடி நீரில் பட்ட மரங்கள் நிற்பதையும் நினைக்க வேண்டும். கட்டையில் மோதி இதழ் ஒடிந்தால், நல்ல இயந்திரமும் படகை நகர்த்தாது. ஆகவே, நண்பர்களே, மாற்று விசிறி ஆடம்பரமன்று. அதுவே கரை சேர்க்கும் துணை.