முன்னாள் என்னும் அடைமொழி

பாலாற்றின் வடகரையில், செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையின்மீது அமைந்த ஊர் வாலாஜாபாத். அவ்வூர்க் குடும்பம் ஒன்றன் பெட்டியில் 1950ஆம் ஆண்டு எழுதப்பெற்ற நிலப்பத்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் ஊர்ப்பெயரை அடுத்துச் ‘செங்கற்பட்டு ஜில்லா’ என்று காணப்படும். இன்றும் செங்கற்பட்டு மாவட்டம் என ஒன்று உண்டு. ஆயினும் வாலாஜாபாத் அதில் இல்லை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. பத்திரத்தை மட்டும் நம்பி அலுவலகம் தேடிப் புறப்படுபவர் அயல் மாவட்டத்திற்கே சென்று சேர்வார். இத்தகைய இடர் நேராவண்ணம், ஆங்கிலத்தில் எழுதுவோர் பழைய மாவட்டத்தின் பெயருக்கு முன் ‘எர்ஸ்ட்வைல்’ என்னும் அடைமொழியை இடுவது வழக்கம். அதன் பொருள் யாது? தமிழில் அதனை எங்ஙனம் உரைப்பது?

‘எர்ஸ்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘முதற்கண்’, ‘முன்னர்’ எனப் பொருள்படும். ‘வைல்’ என்பது பொழுது. இரண்டும் கூடி, ‘முன்னொரு பொழுதில்’ என வினையடையாய் நின்ற சொல், நெடுங்காலத்திற்குப் பின்னரே பெயரடையாயிற்று. நம் ‘முன்னாள்’ என்னும் சொல்லும் முன், நாள் என்னும் இரண்டும் சேர்ந்து ஆனதே. எங்கோ பிறந்த இரு சொற்கள் ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பன்றோ! ஆங்கிலேயருக்கு அச்சொல் இன்று சற்றுப் பழமையாகத் தோன்றும். இந்தியச் செய்தித்தாள்களிலோ நாள்தோறும் காணலாம். விடுதலைக்குப் பின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தமையும், மாநிலங்களும் மாவட்டங்களும் பலமுறை பிரிக்கப்பட்டமையும் அச்சொல்லுக்கு இங்கே ஓயாத வேலை கொடுத்தன.

புதுக்கோட்டையை நோக்குக. 1948இல் அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஊர் அழியவில்லை, பெயரும் மாறவில்லை. சமஸ்தானம் என்னும் நிலை ஒன்றே நீங்கியது. ஆகவே, ‘முன்னாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம்’ என்பது பொருந்தும். ‘முன்னாள் புதுக்கோட்டை’ என்பது பொருளற்றது.

இவ்வடைமொழிக்குப் பழமையோடு தொடர்பில்லை என்பதை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மிகப் பழையது. அதனை முன்னாள் கோயில் என்பார் எவருமிலர். அது இன்றும் கோயிலாகவே விளங்குகின்றது. நேற்று மாலை பதவி விட்டு நீங்கிய தலைவரோ இன்று காலை முன்னாள் தலைவர். வாலாஜாபாத்தில் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் படை தங்கியிருந்தது, இப்பொழுது இல்லை. எனவே அவ்வூரை முன்னாள் படைமுகாம் எனலாம்.

பிற அடைமொழிகள் வேறு பணி செய்வன. தொண்டை மண்டலத்தைப் பண்டைய நாட்டுப்பிரிவு என்கிறோம். தொலைவான காலத்தைச் சுட்டுவது ‘பண்டைய’. இறந்தவரைக் குறிக்கக் ‘காலஞ்சென்ற’ என்பது உண்டு. ‘அப்போதைய ஆட்சியர்’ என்றால், பேசப்படும் நிகழ்ச்சியின்போது பதவியிலிருந்தவர். ‘முன்னாள் ஆட்சியர்’ என்றால், அப்பதவியில் இப்பொழுது இல்லாதவர். செய்தி எழுதுவோர் பலர் இவ்விரண்டையும் மயக்கிவிடுகின்றனர்.

இனி, செங்கற்பட்டுக்கு வருவோம். வாலாஜாபாத்துக்குப் பெயர் தந்த ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவே, 1763இல் செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். பின்னர் அமைந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைநகர் 1859 முதல் 1968 வரை சைதாப்பேட்டையில் இருந்தது. அதன்பின் காஞ்சிபுரத்திற்கு மாறியது. இடையில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றும் பெயர் வழங்கிற்று. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. அன்று முதல் ‘முன்னாள் செங்கற்பட்டு மாவட்டம்’ என்று எழுதுவோர் எவருக்கும் ஐயம் எழவில்லை. அப்பெயருடைய மாவட்டம் வேறொன்று இருந்ததில்லை.

2019இல் நிலைமை மாறியது. காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து புதியதொரு செங்கற்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டது. பெயர் ஒன்று, எல்லை வேறு. முன்னாள் ஆனது மீண்டும் இந்நாள் ஆயிற்று! இப்பொழுது ‘முன்னாள் செங்கற்பட்டு மாவட்டம்’ என்றால், மாவட்டமே இல்லாது போயிற்றோ என்று புதியவர் மயங்குவர். ஆகவே ‘ஒருங்கிணைந்த செங்கற்பட்டு மாவட்டம்’ எனச் சிலர் எழுதுகின்றனர். அது நல்ல வழக்கே. எனினும், பத்திரத்திற்கு ஆண்டு சேர்த்து எழுதுதலே காப்பு. மேற்சொன்ன நிலத்தின் விவரத்தை இன்று எழுதுபவர், ‘1997ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முந்தைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததும், தற்பொழுது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதுமான வாலாஜாபாத்’ என்று எழுதுவாராயின், அதனைக் கையில் கொண்டவர் நேரே காஞ்சிபுரத்திற்குச் செல்வார்.