பருந்து பெருகிவிட்டதா? எண்ணிப் பார்ப்போம்

கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிய அன்று, "இந்தப் பருந்துகள் நல்லாய்ப் பெருகிப்போச்சு" என்று சொல்லாத வீடு இல்லை. உண்மையிலேயே பெருகிவிட்டனவா? குஞ்சு போன கோபத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும். அப்படி எண்ணிப் பார்த்த ஒரு நாட்டின் அனுபவத்தை இப்பாடத்தில் பார்ப்போம்.

முறைப்பாடு

பைரி என்பது பறக்கும் பறவைகளைப் பாய்ந்து பிடித்து உண்ணும் பறவை. எமது சிகிரியாக் குன்றிலும் இவ்வினம் உண்டு. பிரித்தானியாவில் பந்தயப் புறா வளர்ப்போர் 1960ஆம் ஆண்டில், பைரிகள் பெருகித் தமது புறாக்களை அழிப்பதாகவும், அவற்றுக்குள்ள சட்டப் பாதுகாப்பை நீக்க வேண்டும் என்றும் அரசிடம் கேட்டனர். பாதுகாப்பு நீக்கப்படவில்லை. முதலில் கணக்கெடுப்பு நடந்தது.

கணக்கெடுப்பு

டெரெக் றட்கிளிஃப் என்னும் ஆய்வாளர் 1961இல் இப்பணியைத் தொடங்கினார். பைரி தலைமுறை தலைமுறையாக அதே பாறைகளிலேயே முட்டையிடும். எனவே பழைய பதிவுகளில் இருந்த இடங்களுக்கே சென்று மூன்று விடயங்களைப் பார்த்தனர்: சோடி உண்டா? முட்டை உண்டா? குஞ்சு பறந்ததா?

பைரிகள் பெருகியிருக்கவில்லை, அழிந்துகொண்டிருந்தன. 1963 அளவில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்த தொகையில் பாதிகூட எஞ்சவில்லை.

காரணம்

விதைத் தானியத்துக்கு டீல்ட்ரின், அல்ட்ரின் போன்ற கிருமிநாசினிகளைப் பூசினார்கள். அத்தானியத்தைப் புறா தின்றது. பல புறாக்களைப் பைரி தின்றது. சிறிது சிறிதாகச் சேர்ந்த நஞ்சு அதன் உடலில் குவிந்தது. டி.டி.ரி. மருந்தோ முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும்போதே முட்டைகள் உடைந்தன. பழைய முட்டைச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டு, ஓடு மெலிந்திருப்பதை 1967இல் றட்கிளிஃப் வெளியிட்டார். இம்மருந்துகள் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,700க்கும் மேற்பட்ட சோடிகள் காணப்பட்டன.

நாம் செய்யக்கூடியது

நமது வயலிலும் எலியைப் பிடிக்கும் பருந்தும் கூகையும் உண்டு. மருந்து பூசிய விதையைத் தொடுவது நமது கை. வயலோரக் கிணற்றில் குடிப்பது நமது பிள்ளைகள். ஆகவே இந்தப் பறவைகள் குறைவது நமக்கும் ஓர் எச்சரிக்கை.

• மாதம் ஒருமுறை, அதே பாதையில், அதே நேரத்தில் நடவுங்கள்.
• கண்ட பறவை, எண்ணிக்கை, திகதி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுங்கள்.
• ஒன்றையும் காணாவிட்டாலும் எழுதுங்கள். அதுவும் கணக்கே.
• கூடு இருக்கும் மரத்தைத் தூர நின்றே கவனியுங்கள்.

ஊரை விட்டு வந்து புது இடத்தில் குடியிருப்போரிடம் அவ்விடத்தின் பழைய கணக்கு இராது. இன்று எழுதும் முதல் வரியே நாளைக்குப் பழைய கணக்காகும்.

கலந்துரையாட

1. நமது பழைய ஊரில் கண்ட எந்தப் பறவைகளை இங்கு காணவில்லை?
2. விதைக்கும் பயிருக்கும் என்ன மருந்து பாவிக்கிறோம்? மிச்சத்தை எங்கே கொட்டுகிறோம்?
3. நமது குழுவில் கொப்பியை யார் பொறுப்பேற்பது?