மாராள் மறுபடியும் நகோமி ஆனாள்

வேத பகுதி: ரூத் 1 முதல் 4 அதிகாரங்கள்

அடக்க ஆராதனை முடிகிறவரைக்கும் துக்கவீட்டில் நாமெல்லாரும் இருப்போம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், கதவு சாத்தியிருக்கும். அந்தச் சகோதரி ஆராதனைக்கு வருவதில்லை, வாசலில் நின்று கூப்பிட்டாலும் பதில் இல்லை. "விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன் நகோமியைப் பாருங்கள்.

மோவாப் தேசத்தில் புருஷனை இழந்தாள். அங்கே ஏறக்குறைய 10 வருஷம் இருந்தபின் மக்லோனும் கிலியோனும் போய்விட்டார்கள். பெத்லகேமுக்குத் திரும்பினபோது ஊரே கூடி விசாரித்தது. அவளோ தன்னை மாராள், அதாவது கசப்பு, என்று கூப்பிடச் சொன்னாள். வெறுமையாய்த் திரும்பி வந்ததாகச் சொன்னாள் (1:20, 21). அப்போது ரூத் பக்கத்திலேதான் நிற்கிறாள்! துக்கம் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிற ஆளையே மறைத்துப்போடும். அந்த வார்த்தைக்காக ரூத் அவளைக் கண்டிக்கவில்லை. கர்த்தர் கண்டித்ததாகவும் எழுதப்படவில்லை.

2, 3 அதிகாரங்களில் நகோமி வெளியே போனதாக ஒரு வார்த்தையும் இல்லை. வயலுக்குப் போனது மருமகள்தான். அவள் மாமியாருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. கதிர் பொறுக்கினதோடு, மத்தியானம் தான் சாப்பிட்டு மீதியாய் வைத்ததையும் கொண்டுவந்து கொடுத்தாள் (2:18). அதைப் பார்த்தபின் நகோமி வாய்திறந்து ஒரு கேள்வி கேட்கிறாள்: இன்றைக்கு எங்கே வேலை செய்தாய்? ஊருக்கு வந்தபின் அவள் தன்னை விட்டு இன்னொருவரைப்பற்றி விசாரித்ததாக நாம் வாசிப்பது இதுதான் முதல்தரம். என் மட்டில், நகோமியின் உயிர்மீட்சி இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. உடனே போவாஸை ஆசீர்வதிக்கிறாள்.

ஒரே நாளில் நடந்ததல்ல. வாற்கோதுமை அறுப்பு முடிந்து, கோதுமை அறுப்பும் முடியவேண்டியிருந்தது (2:23). அத்தனை நாளும் ரூத் அவளோடேயே இருந்தாள். நாமோ இரண்டுதரம் போய் ஜெபித்துவிட்டு "அவங்க மாறலையே" என்கிறோம்.

பிறகு போவாஸ், மாமியாரிடம் வெறுங்கையாய்ப் போகாதே என்று ஆறு படி வாற்கோதுமை அளந்து அனுப்புகிறார் (3:17). எபிரெயத்தில் நகோமி சொன்ன 'வெறுமை'யும் இதுவும் ஒரே சொல்தான். அதற்குப் பதில், வீடு தேடி வந்த தானியம்!

துக்கத்தில் இருக்கிற சகோதரியே, உடனே சாட்சி சொல்ல எழும்பவேண்டியதில்லை. சாப்பாடு கொண்டுவருகிற பிள்ளையிடம், "இன்னைக்கு எங்கே போயிருந்தே?" என்று கேளுங்கள், போதும்.

4-ம் அதிகாரத்தில் ஸ்திரீகள் மறுபடியும் வந்து கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறார்கள். ஏழு குமாரரைவிட மேலானவள் என்று ரூத்தைக் காட்டுகிறார்கள். நகோமி பிள்ளையை மடியில் வாங்கி வளர்க்கிறாள். ஓபேத் என்று பேர் வைத்தது அயல்வீட்டுப் பெண்கள்தான்.