நாயின் கண்ணில் சர்க்கரை

எட்டு வயது நாய் ஒன்று. நேற்று வரை வாசலுக்கு ஓடி வந்து வரவேற்றது. இன்று நாற்காலியில் முட்டிக்கொள்கிறது. படியருகே வந்து தயங்கி நிற்கிறது. கண்ணின் பாவை இரண்டும் பால்போல் வெளுத்திருக்கின்றன. "ஒரே இரவில் பார்வை போய்விட்டதே!" என்று வீட்டார் திகைக்கிறார்கள். கால்நடை மருத்துவரோ கண்ணைச் சோதித்துவிட்டு, "நாய் இப்போதெல்லாம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா?" என்று கேட்கிறார். கண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

சர்க்கரை நோய்

நம்மைப் போலவே நாய்க்கும் இரைப்பையின் அருகே கணையம் இருக்கிறது. அது சுரக்கும் இன்சுலின்தான் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் சர்க்கரை தசை முதலிய திசுக்களுக்குள் செல்ல உதவுகிறது. இன்சுலின் குறைந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 200 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரில் கசியத் தொடங்கும். கூடவே நீரையும் இழுத்துச் செல்லும். ஆகவே நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. நன்றாகத் தின்றும் இளைக்கிறது.

வில்லை வெளுப்பது ஏன்?

விழிவில்லைக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. தன்னைச் சூழ்ந்த தெளிந்த நீரிலிருந்தே அது உணவைப் பெறுகிறது. அதனுள் சர்க்கரை நுழைய இன்சுலின் தேவையில்லை. எனவே இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வில்லையிலும் ஏறும். மிஞ்சிய சர்க்கரையை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி, சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றுகிறது. சார்பிட்டால் எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே சேர்ந்து, சவ்வூடு பரவல் முறையில் நீரை இழுக்கிறது. வில்லையின் இழைகள் உப்பிச் சிதைகின்றன. ஒளி ஊடுருவ முடியாமல் சிதறுகிறது. இதுவே கண்புரை.

வயதான பூனைகளின் வில்லையில் இந்த நொதியின் செயல் குறைவு. ஆகவே சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்கு இவ்வகைப் புரை வருவது அரிது. நாய்களிலோ, நோய் கண்டறியப்பட்ட ஓரிரு ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவற்றுக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால், பார்வை உண்மையில் திடீரென்றா போனது? புரை சில நாட்களிலேயே முற்றுவதும் உண்டு. ஆனால் பல சமயம் பார்வை சிறிது சிறிதாக மங்கும்போது, நாய் மோப்பத்தாலும் பழகிய நினைவாலும் வீட்டுக்குள் சமாளித்துவிடுகிறது. நாம்தான் கடைசியில் கவனிக்கிறோம். எல்லாப் பார்வையிழப்பும் புரையும் அன்று. சிறுநீரக நோயால் இரத்த அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றாலும் திடீரென்று பார்வை போகும். ஆகவே உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நாய் தந்த மருந்து

1889இல் மின்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை நீக்கியபோது அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றைச் செலுத்தி நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர். 1922இல் அவ்வகை மருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பயன்பட்டது. நாய்களின் மூலம் மனிதன் அறிந்த இன்சுலின் இன்று நாய்களையும் காக்கிறது. பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் ஒன்றேயாகும்.

பராமரிப்பு

பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவுக்குப் பின் இன்சுலின் ஊசி போடப்படுகிறது. நாய் தின்னாத வேளையில் வழக்கமான அளவைப் போட்டுவிடலாகாது, மருத்துவரைக் கேட்கவேண்டும். இல்லையேல் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்றாக நினைவில் கொள்ளுங்கள். பார்வையற்ற நாய் பொருள்களில் முட்டும். ஆனால் உறுதியாக நிற்கும். சர்க்கரை இறங்கிய நாயோ நின்ற இடத்திலேயே தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். "கண் தெரியாமல் தடுமாறுகிறது" என்று வாளாவிருந்தால் உயிருக்கே ஆபத்து. பெரியவர் ஒருவர், கடி படாமல், ஈறில் சிறிது சர்க்கரைப் பாகைத் தடவி உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். வலிப்பின்போது வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சைலிட்டால் கலந்த இனிப்புகள் நாய்க்கு நஞ்சு.

பார்வையற்ற நாய்க்கு வீட்டின் வரைபடம் மனத்தில் இருக்கிறது. ஆகவே கட்டில், நாற்காலி, தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றை இடம் மாற்றாதீர்கள். படிக்குத் தடுப்பு வையுங்கள். படியின் முன்னே ஒரு சாக்கு விரித்தால் காலே எச்சரிக்கை பெறும். தொடுமுன் பெயர் சொல்லி அழையுங்கள். மனிதச் செவி கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்ச் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். அதற்கு உங்கள் காலடியே போதும்!

விழித்திரை நலமாக இருந்தால், புரையை அறுவை மூலம் அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தலாம். அது இயலாவிட்டாலும், வேளை தவறாத உணவும் ஊசியும் கிடைக்கும் நாய் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும்.

செய்து பாருங்கள்

உலர்ந்த திராட்சைகள் சிலவற்றைத் தண்ணீரிலும், வேறு சிலவற்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலும் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் எவை அதிகம் உப்பியிருக்கின்றன? ஏன்? விடை தெரிந்தால், நாயின் விழிவில்லையில் நடப்பதும் புரியும்.