மலை இல்லாத ஊரின் பழைய வரைபடம்

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் வசிக்கும் நண்பர், பழைய நிலவரைபடத்தை விரித்து, காடு எங்கெங்கே சுருங்கியது என்று காட்டினார். மேடு பள்ளமே இல்லாத எங்கள் காரைக்காலுக்கு அப்படிப் பார்க்க ஏதாவது உண்டா?

- வாசகர், திருநள்ளாறு

பதில்: நிறையவே உண்டு. மலையடிவாரத் தாளில் பழுப்பு நிற உயரக் கோடுகள் நெருக்கமாக ஓடும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் அந்தக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. காரைக்கால் அந்த உயரத்தைத் தொடுவதே இல்லை. காவிரி டெல்டா அவ்வளவு சமதளம். அதனால்தான் முக்கோண அளவை நடத்திய லாம்டன், குன்று தேடாமல் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போதுதான் கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட் மோதிச் சேதமடைந்தது.

நீங்கள் படிக்க வேண்டியது நீலக் கோடுகளை. காரைக்காலின் பெரும்பகுதி '58 என்/13' என்ற தாளில் இருக்கிறது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், குளங்கள் என்று அது ஒரு நீர்க்கணக்கு. 1898-இல் வந்து 1980-களில் நின்றுபோன பேரளம் ரயில் பாதையைப் பழைய தாளில் பார்க்கலாம். 2009-இல் செயல்படத் தொடங்கிய வாஞ்சூர் துறைமுகம் அதில் இருக்காது.

உங்கள் தெருக் குளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாளில் அதற்குள் நுழையும் நீலக் கோட்டை விரலால் தொடருங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அதே வழியே செல்லுங்கள். குளம் அப்படியே இருந்து, வாய்க்கால் இருந்த இடத்தில் மனைகள் இருந்தால், குளம் ஏன் காய்கிறது என்பது விளங்கிவிடும். தூர்வாரினால் மட்டும் அந்தக் குளம் நிறையாது. வரத்து வாய்க்காலையும் மீட்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அச்சிட்ட ஆண்டை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் அளவை செய்த ஆண்டைப் பாருங்கள். 1:50,000 தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். எனவே வரப்புத் தகராறுக்கு இது சாட்சியாகாது, அதற்கு நில எல்லைகளைக் காட்டும் புலப்படம்தான் வேண்டும்.

புதிய தாள்களை நில அளவைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கலாம். பழைய தாள் கிடைத்தால் கடைமடை விவசாயி ஒருவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் வரைபடத்தில் இல்லை.